ஆலங்கரட்டுச் சத்தியக்கல்

2020ஆம் வருஷம் பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆலங்கரடு காளியம்மன் கோவில் முன்னாலுள்ள சத்தியக்கல்லில் ஏற்றிய சூடம் மறுநாள் ஒன்பதரைக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் எரிந்தது. பொங்கல் வந்து போயிற்று, மாட்டுச் சந்தை கூடிக் கலைந்தது, சூடம் கரையவில்லை. மல்லசமுத்திரம் கடைவீதியில் பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் பன்னிரண்டு வில்லை வருமே, அந்தச் சாதாரணச் சூடம்தான். சந்தேகப்பட்டு அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த பதினொரு வில்லைகளையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்கு மரியாதையாக இரண்டு நிமிஷத்தில் எரிந்து தீர்ந்தன. அந்த வாரம் நாமக்கல்லில் முட்டை விலை பத்துப் பைசா இறங்கியிருந்தது. கோழிப்பண்ணை வைத்திருந்தவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சத்தியக்கல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முழங்கால் உயரக் கருங்கல், தலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. வரப்புத் தகராறு, ஆடு காணாமல் போனது, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, எதுவாக இருந்தாலும் ஆலங்கரட்டுக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. வழக்குக்காரன் குளித்துவிட்டு வந்து குழியில் சூடம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, வலது உள்ளங்கையால் தீயை அப்படியே அமுக்கி அணைப்பான். கையில் கரி படியும், சின்னதாகக் கொப்புளம் வரும். அந்தக் கையை ஒரு வாரம் ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிவான். தீர்ப்பு அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது. பொய் சொல்லியிருந்தால் வருஷம் திரும்புவதற்குள் காளியம்மன் பார்த்துக்கொள்வாள். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு விஷயம், பண்ணை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற கீழத்தெருக்காரர்கள் அந்தக் கல்லைத் தொடும் வழக்கம் இல்லை. தொட முடியாதவன் சத்தியம் செய்ய முடியாது. சத்தியம் செய்ய முடியாதவன் வழக்கில் ஜெயிக்க முடியாது. ஊர் தோன்றியதிலிருந்து கீழத்தெரு ஆள் மேலத்தெரு ஆளிடம் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை, ஏனென்றால் சொல்வதற்கும் சூடம் அணைக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கோவில் தர்மகர்த்தா தண்டாயுதபாணி தன் மனைவி ராஜம்மாளை நிறுத்தினார். அவருடைய அப்பாதான் ஊராட்சியின் முதல் தலைவர், பிறகு இவர், நடுவில் இரண்டு தடவை தம்பி. ஆகையால் ராஜம்மாள் ஜெயித்த மாதிரிதான் என்று பந்தல்காரனுக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார்கள். எதிர்த்து நின்றது அதே தம்பியின் மருமகள் ஜெயப்பிரியா. முப்பத்துநாலு வயது, திருச்செங்கோட்டில் பி.காம். படித்தவள், புருஷன் சிவபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தான். அவள் நின்றதற்குக் காரணம் மேட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கசிந்துகொண்டிருந்த ஒரு வால்வு. தினமும் காலையில் பால் ஊற்றப் போகும்போது, கீழத்தெருப் பெண்கள் அந்தக் கசிவுக்கு அடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். எட்டுத் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. ஒன்பதாவது தெருவுக்கு வால்வில் கசிந்தது. பத்து வருஷம் பார்த்தவள் பதினோராவது வருஷம் மனுத்தாக்கல் செய்தாள், பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தாள்.

அவளை நாத்திகக்காரி என்று பிற்பாடு சொன்னவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அவளைவிட பக்தியுள்ள ஆள், பூசாரியையும் சேர்த்து, ஆலங்கரட்டில் கிடையாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு மாசித் திருவிழாவிலும் தீச்சட்டி எடுக்காமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பதவியேற்பு ஜனவரி ஆறாம் தேதி நடந்தது. ஊராட்சி அலுவலகத்தில் பந்தல், மைக், ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர். அவர் நீட்டிய தாளில், சட்டத்தால் நிறுவப்பட்ட அரசமைப்பின்பால் உண்மையான பற்று கொண்டிருப்பேன் என்ற வாசகத்துக்குப் பக்கத்தில், 'கடவுளின் பெயரால் ஆணையிட்டு' என்றும், ஒரு சாய்கோடு போட்டு 'உளமார உறுதி' என்றும் அச்சிட்டிருந்தது. வேண்டாததை அடித்துவிட்டு மீதியைப் படிங்கம்மா, இன்னும் மூன்று ஊருக்குப் போக வேண்டும் என்றார் அதிகாரி. ஜெயப்பிரியா பேனாவை வாங்கிக் கடவுளின் பெயரை அடித்தாள்.

அப்படி அடிப்பது ஆலங்கரட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் தோன்றும். சாமி பேரால் ஆணையிடுவதென்றால் குளித்திருக்க வேண்டும், சூடம் வேண்டும், கை சுட வேண்டும். கழுத்தில் மாலையும் கையில் ஜெராக்ஸ் தாளுமாக, டியூப் லைட்டுக்குக் கீழே நின்று வெறும் வாயால் காளியம்மனைச் சாட்சிக்கு இழுப்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பயபக்தியில் அடித்தாள். ஆனால் மைக்கில் வந்தது 'உளமார' மட்டும். அன்று சாயங்காலமே ஊர் இரண்டுபட்டது என்று எழுதத்தான் ஆசை, உண்மையில் இரண்டுபடவில்லை, மொத்த ஊரும் ஒரே பக்கம் நின்றது. மறுபக்கத்தில் அங்கமுத்து ஒருவர்தான்.

அங்கமுத்து எழுபது வயதுக் கருப்புச் சட்டைக்காரர், ஊரிலிருந்த ஒரே நாத்திகர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருஷம் பெயிண்டராக இருந்தவர். நாமக்கல் வட்டாரத்தில் ஓடுகிற பாதி லாரிகளின் நெற்றியில் 'முருகன் துணை', 'ஆஞ்சநேயர் துணை' என்று எழுதியிருப்பது அவர் கை. அது வயிற்றுப்பாடு, கொள்கை வேறு என்பார். அவர் ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு ஜெயப்பிரியா வீட்டுக்கு வந்து, இந்த ஊரில் எனக்கு ஒரு துணை கிடைத்தது என்று போர்த்தினார். அவள் நடந்ததைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போயிற்று. கொடுத்ததைத் திருப்பி வாங்குவது முறையல்ல என்பதால் சால்வையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

தண்டாயுதபாணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அம்மன் பேரை அடித்தவள் போட்ட கையெழுத்து இந்த ஊரில் செல்லாது, சத்தியக்கல்லுக்கு வந்து சூடம் அணைத்தால் தலைவர், இல்லையென்றால் ராஜினாமா என்றார். அவர் எதிர்பார்த்தது அழுகையை. அதைத்தானே மாமா நானும் நினைத்தேன் என்று அவள் சந்தோஷமாகத் தலையாட்டியது அவருக்குச் சங்கடமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஊரே கூடியது. ஜெயப்பிரியா ஈரத்தலையோடு வந்து சூடம் ஏற்றினாள். ஒன்பது தெருவையும் ஒரே கண்ணால் பார்ப்பேன், ஒன்பது தெருவுக்கும் காவிரித் தண்ணீர் கொடுப்பேன் என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். கையை எடுத்தபோது தீ எரிந்துகொண்டிருந்தது. மறுபடி அமுக்கினாள், மூன்றாம் தடவையும் அமுக்கினாள். அணையவில்லை. அதைவிட, சுடவில்லை. உள்ளங்கை வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு பொட்டுக் கரி இல்லை. பூசாரி செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார், செம்புக்குள் எரிந்தது. தண்ணீர் ஊற்றினார், தண்ணீருக்கு அடியில் எரிந்தது.

அம்மன் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊர் முடிவு செய்தது. ஜெயப்பிரியாவும் அப்படித்தான் நினைத்தாள், அதுதான் கொடுமை. ஊர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளும் பெண் அவள். தீச்சட்டியில் கையைச் சுட்டுச் சுட்டுப் பழகிய தன்னை, இத்தனூண்டு சூடம் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு நேராகக் கல்லுக்குப் போய் நிற்பாள், கையை வைப்பாள், எடுப்பாள், வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். மழை வந்தால் கல்லைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு மண் நனையாது. வேறு தொந்தரவு எதுவும் அந்தத் தீயால் இல்லை.

மார்ச் மாதம் நோய் வந்தது. கோவில்களை மூடச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்ததும், காளியம்மனும் மற்ற எல்லாரையும் போலக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். பூசாரி மகள் வீட்டுக்கு ஓமலூர் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கல் மட்டும் வெளியே, எரிகிற சூடத்தோடு, ஆள் நடமாட்டமில்லாத வீதியில் கிடந்தது. கோழிகளுக்கு ஊரடங்கு கிடையாது என்பதால் பண்ணை வேலைக்காரர்கள் மட்டும் பாஸ் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் அந்த வழியாகப் போய்வந்தார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஊர் இன்னொரு சிக்கலைக் கண்டுபிடித்தது. குழி ஒன்றுதான். அதில் ஜெயப்பிரியாவின் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அது அணைகிற வரைக்கும் வேறு யாரும் அதில் சூடம் வைக்க முடியாது, ஆகவே யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆடிக்குள் ஏழெட்டு வழக்குகள் சேர்ந்துவிட்டன. முதலாவது சென்னிமலையின் ஆட்டு வழக்கு. மேலத்தெரு சென்னிமலை, கீழத்தெரு ஆராயி மேய்த்துக்கொண்டிருந்த ஆடு தன்னுடையது என்று பிடித்துக் கட்டிவிட்டார். முன்பென்றால் ஒரு சூடத்தில் வேலை முடிந்திருக்கும். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள், ஆராயி வாசலில் நின்றாள், ஜெயப்பிரியா உள்ளே கூப்பிட்டாள். கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆடு என்றாள் ஆராயி. ஆட்டின் காதில் எண் போட்ட வில்லை இருந்தது. வில்லை எண்ணை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பார்த்தார்கள், அதில் ஆராயி பெயர் இருந்தது. ஆடு ஆராயியோடு போயிற்று. சென்னிமலை கெட்டவர் இல்லை, அந்த ஆடு தன்னுடையது என்றே நம்பியிருந்தவர். வில்லை இருப்பது தெரிந்திருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேனே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வரப்புக்கு டேப் பிடித்தார்கள், கிணற்று முறையை நோட்டில் எழுதினார்கள், பார்த்தவன் யார் என்று கேட்டார்கள். ஊருக்கு இது பெரிய அலுப்பு. அம்மன் ஒரு நிமிஷத்தில் முடித்த வேலையை மனுஷன் ஒரு வாரம் செய்ய வேண்டியிருந்தது.

தண்ணீர் வேலைதான் நகரவில்லை. மேட்டுத் தொட்டிக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் கோவிலை ஒட்டி நூற்றுப்பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. குழாய் அதன் வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் கரட்டுக் குன்றைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் பாறையை உடைக்க வேண்டும். அந்தத் துண்டு பழைய வண்டிப்பாதை என்பது கீழத்தெருவின் பேச்சு. அம்மன் நிலம் என்று 1974இல் தண்டாயுதபாணியின் அப்பா சூடம் அணைத்திருந்தார். நிலத்தை அளக்க வேண்டுமென்று ஜெயப்பிரியா போட்ட தீர்மானத்துக்கு வார்டு உறுப்பினர் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அம்மனே ஒத்துக்கொள்ளாதவள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். 2021 ஆவணியில் அவள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள்.

அது எப்படியோ அங்கமுத்து காதுக்கு எட்டிவிட்டது. அவர் தினமும் ஒரு தெர்மாமீட்டரையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்ச் சூடத்தைச் சோதித்து, ஏதோ ரசாயனம் என்று நோட்டில் எழுதிவருகிறவர். எந்த ரசாயனம் என்ற இடம் ஒன்றரை வருஷமாகக் காலியாகவே இருந்தது. சண்டை பிடிக்கிற மாதிரி வீட்டுக்குள் வந்தார்.

"டெல்லியில அரசியல் சட்டம் எழுதுனப்ப என்னாச்சு தெரியுமா அம்மணி? முகப்புல கடவுள் பேரப் போடோணும்னு ஒருத்தரு எந்திரிச்சாரு. ஓட்டெடுப்பு வெச்சாங்க. நாப்பத்தியொண்ணு வேணும்னுது, அறுபத்தியெட்டு வேண்டாம்னுது. அவரில்லாம எழுதுன சட்டத்துலதான் இந்த நாடு நடக்குது. உனக்கென்ன பயம்?"

ஜெயப்பிரியா கடிதத்தைக் கையில் எடுத்தாள். "ஏனுங்கய்யா, அந்த அறுபத்தியெட்டுப் பேரும் சாமி கும்புடாதவங்களுங்களா?"

அங்கமுத்துவுக்கு இது பிடிக்காத கேள்வி. ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாத நாத்திகர். அதில் நிறையப் பேர் கும்பிடுகிறவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்தை எங்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு பெண் உறுப்பினர் எழுந்து கேட்டுக்கொண்டதையும், கும்பிடாதவனும் வேறு பேரில் கும்பிடுகிறவனும் இந்த நாட்டில் உண்டே என்று வாதம் நடந்ததையும் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். அந்தப் பெண் மேல் ஜெயப்பிரியாவுக்கு உடனே ஒரு பாசம் வந்தது. அவளுக்கும் இந்த மாதிரிக் கூச்சம்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். இத்தனை கோடி ஜனங்களின் தாளில் அத்தனை பெரியவர்கள் அடித்த பேரைத்தான் நானும் என் தாளில் அடித்தேன், அவர்களை விட்டு சாமி போய்விடவில்லையே என்று தோன்றியது. கடிதத்தை மடித்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டாள். அது வெகு நாள் அங்கேயே இருந்தது.

அந்த அக்டோபர் காந்தி ஜெயந்திக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை கூடியது. நிலத்தை அளக்கும் தீர்மானத்தை ஜெயப்பிரியா மறுபடியும் படித்தாள். தண்டாயுதபாணி எழுந்தார். எங்கப்பன் செய்த சத்தியத்தை நானும் செய்கிறேன், எல்லாரும் கோவிலுக்கு வாருங்கள் என்றார். குழி காலியில்லை என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். எரிகிற அதே தீ மேல் கை வைக்கிறேன், என் கைக்கு அணையும் என்றார். மொத்தச் சபையும் கோவிலுக்கு நடந்தது. அவர் அம்மனைக் கும்பிட்டு, இந்த நிலம் அவளுடையது என்று உரக்கச் சொல்லி, கையை வைத்து அமுக்கினார். எடுத்தார். தீ எரிந்தது. அவர் உள்ளங்கையும் வெள்ளையாக இருந்தது. கும்பலுக்கு வெளியே, வீதியின் அந்தப் பக்கம் நின்றிருந்த ஆராயிதான் பேசினாள்.

"நானும் கை வெச்சுப் பாத்தனுங்க. கொரோனா சமயத்துல, பண்ணைக்குப் போறப்ப. எனக்கும் சுடலீங்க."

இதைச் சொன்னால் என்ன நடக்குமென்று ஆராயிக்குத் தெரியாமலில்லை. பக்கத்தில் நின்ற அவள் மகள் சுகன்யா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மேலத்தெரு இளவட்டங்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். தண்டாயுதபாணி கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அவர் ஆராயியைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சூடம் அணைத்த அன்று இவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் கையில் வந்த கொப்புளத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசியது இவர்தான். அந்தக் கொப்புளத்தை நம்பித்தான் இத்தனை வருஷம் பேசியிருந்தார்.

"எந்தக் கைய வெச்ச?" என்று கேட்டார்.

"இந்தக் கைதானுங்க" என்று ஆராயி வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அந்தக் கையில் கரியில்லை, ஜெயப்பிரியாவின் கையிலும் இல்லை, தன் கையிலும் இல்லை. தண்டாயுதபாணி மூன்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எல்லாரையும் ஒண்ணாத்தான் வெச்சிருக்கறா. அளந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் தோற்றுப்போனார் என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு. தோற்றவர் நடை அப்படி இருக்காது. அம்மன் சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறவர் நடைதான் அது.

சர்வேயர் வந்து புலப்படத்தை விரித்து அளந்தார். பன்னிரண்டு அடி அகலத்துக்கு வண்டிப்பாதை இருந்தது. அதற்கு மேல் கிடந்த நாலடி உண்மையிலேயே கோவில் நிலம். ஆக அப்பா செய்த சத்தியத்தில் நாலில் ஒரு பங்கு மெய் என்று தண்டாயுதபாணி ஆறுதல்பட்டார். அப்புறம் மதிப்பீடு, டெண்டர், கோப்பு என்று ஒரு வருஷம் போயிற்று. குழாய்க்குப் பள்ளம் தோண்ட ராசிபுரத்திலிருந்து வந்த ஜேசிபிக்காரர் எரிகிற சூடத்தைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஜெயப்பிரியா மம்பட்டியை எடுத்தாள். கீழத்தெரு முழுக்க வந்தது, மேலத்தெருவிலிருந்தும் பதினைந்து பேர் வந்தார்கள், அதில் சென்னிமலை ஒருவர். கோவில் வேம்பின் வேர் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று தண்டாயுதபாணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு நாளில் தோண்டி முடித்தார்கள்.

2023 தை மாதம் கீழத்தெருக் குழாயில் காவிரி வந்தது. அன்று ஜெயப்பிரியா நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஊர் பின்னால் வர, கல்லுக்குப் போனாள். சொன்னதைச் செய்துவிட்டோம், இன்றைக்கு அணையும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கை வைத்தாள், அமுக்கினாள். தீ அசையக்கூட இல்லை. ஊர் மெதுவாகக் கலைந்தது. அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு என்று காளியம்மனைத் திட்டவும் செய்தாள். சத்தீஸ்கரிலிருந்து போனில் கூப்பிட்ட சிவபிரகாஷுக்குத் தண்ணீர் வந்ததைச் சொன்னாள், மற்றதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே ஆராயி காலிக் குடத்தோடு வாசலில் நின்றாள். "நேத்து வந்துதுங்க தலைவரம்மா. இன்னைக்கு வரலீங்க" என்றாள். ஜெயப்பிரியாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மூன்று வருஷம் பாடுபட்டு நேற்றுத்தான் கொடுத்தோம், அதற்குள் குறையா என்று கேட்க வாயெடுத்தாள். "இன்னைக்கும் குடிக்கோணுமில்லீங்க" என்றாள் ஆராயி, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, உள்ளதைச் சொல்லும் குரலில். ஜெயப்பிரியா எழுந்து போய் வால்வைத் திறந்துவிட்டாள். திரும்பி வரும்போது கல்லைத் தாண்டித்தான் வர வேண்டும். சூடம் எரிந்துகொண்டிருந்தது. கொடுப்பேன் என்று சொன்னேன், ஒரு நாள் கொடுப்பேன் என்று சொல்லவில்லையே என்று அவளுக்குப் புரிந்தது. அம்மன் தன்னைத் தள்ளவில்லை, சத்தியத்தை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அன்று கை வைக்காமல், ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு இரண்டு வருஷத்தில் எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. மோட்டார் இரண்டு தடவை புகைந்தது, காயில் கட்டினார்கள். தெருவிளக்கு போடப்பட்டது, ஐந்து பல்பு திருடு போயிற்று, யார் என்று பார்த்தவர்களைக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். வால்வு திறக்கிற முறையை ஒன்பது தெருவுக்கும் நோட்டில் எழுதி ஆணியில் மாட்டினார்கள். கல்லைக் கடந்து போகிற யாரும், மேலத்தெருவோ கீழத்தெருவோ, போகிற போக்கில் சூடத்தின் மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். யாருக்கும் அது சுடவில்லை. யாரைத் தடுப்பது என்று தெரியாமல் பூசாரியும் விட்டுவிட்டார்.

2025 ஜனவரி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வருஷப் பதவி முடிந்தது. ஜெயப்பிரியா சாவிக்கொத்து, தீர்மானப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, சாயங்காலம் வெயில் தாழும் முன் கோவிலுக்குப் போனாள். கூட வந்தவர்கள் யாருமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. அங்கமுத்து மட்டும் வழக்கம்போலத் தெர்மாமீட்டரோடு கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இவ்வளவுதான் என்னால் முடிந்தது தாயே என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. கையை வைத்தாள். அவ்வளவு பேர் கூடியும் அழாமல் நின்ற இடத்தில் இப்போது சத்தம் போட்டு அழுதாள், ஏனென்றால் கை சுட்டது. நன்றாகவே சுட்டது. அமுக்கி எடுத்தபோது குழியில் ஒரு கோடு புகை மட்டும் எழுந்து போயிற்று. உள்ளங்கை முழுக்கக் கரி, நடுவில் ஐம்பது பைசா அளவுக்குச் சிவந்திருந்தது. அழுதுகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கமுத்து தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்தார், பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்த் தீக்காயத்துக்குப் போடுகிற களிம்பை எடுத்துவந்து கொடுத்தார். நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே 'அணைந்தது' என்று எழுதினார், ரசாயனத்தின் பேர் எழுத வேண்டிய இடத்தைக் கோடு போட்டு மூடினார்.

தேர்தல் அறிவிப்பு வரவில்லை என்பதால், ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளத் தனி அலுவலர் ஒருவரை அனுப்பினார்கள். சிவக்குமார் என்று பேர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பைக்கை நிறுத்திவிட்டு அலுவலகம் எங்கே என்று கேட்டவரை, முதலில் கோவிலுக்கு என்று சொல்லி ஊர்க்காரர்கள் அழைத்துக்கொண்டு போனார்கள். குழி துடைத்துச் சுத்தமாக இருந்தது. மஞ்சள் துணி சுற்றிய கையோடு ஜெயப்பிரியா ஓரமாக நின்றாள். தண்டாயுதபாணி பாக்கெட்டைப் பிரித்து ஒரு வில்லையை எடுத்து, கொஞ்சம் யோசித்து, ஆராயியிடம் கொடுத்தார். ஆராயி அதைக் குழியில் வைத்துப் பற்றவைத்தாள். நான் அரசாங்க ஊழியர், ஏற்கெனவே உறுதிமொழி எடுத்தவன்தான் என்று சிவக்குமார் சொல்லிப் பார்த்தார், யாரும் மறுக்கவில்லை, நகரவும் இல்லை. ஒன்பது தெருவையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, பயந்து பயந்து கையை வைத்தார்.

எடுத்துப் பார்த்தார். கை வெள்ளையாக இருந்தது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. ஊர்க்காரர்கள் ஏற்கெனவே திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்கள், சென்னிமலைக்குத் தோட்டத்தில் கரண்டு வருகிற நேரம், பூசாரிக்கு இன்னும் பூ வாங்க வேண்டியிருந்தது.

"இது அணையலையே" என்றார் சிவக்குமார்.

"அது பாட்டுக்கு எரியுமுங்க சார்" என்றாள் ஆராயி. "நீங்க வாங்க, மூணாவது தெரு வால்வுல ஒழுகுது."

அவர் ஜெயப்பிரியா நீட்டிய வால்வுச் சாவியை வாங்கிக்கொண்டு ஆராயி பின்னால் போனார்.